டர்போ தின்ற சாமந்திச் சரம்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பத்தாவது வரை படித்த ஒரு மெக்கானிக், வாரா வாரம் ஒரு பத்திரிகையின் பக்கத்தை எடுத்துக்கொள்வது அதிகப்படிதான். போன வாரம் வந்ததைப் படித்துவிட்டு என் மனைவி கஸ்தூரி, "எதிர்ல நிக்கிற ஆளுகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டீங்க. மூஞ்சி தெரியாதவங்க கிட்ட இவ்ளோ பேசறீங்க" என்றாள். 

இந்த வாரம் எழுத வேண்டியது நான் செய்த ஒரு தப்பு. இந்த மூன்று வரிக்குள் இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். தாகம் ஒன்றும் இல்லை.

அன்று ஆயுத பூசை. காலை பத்து மணி தாண்டியிருக்கும். வேட்டவலம் சாலையிலிருந்து பிரியும் தெருவில் என் பட்டறை. கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை. உள்ளே மேடையில் வாழை இலை விரித்து, ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி என்று இருந்த எல்லாச் சாமானையும் கஸ்தூரி அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்திருந்தாள். சாம்பிராணிப் புகை கிரீஸ் வாடையோடு கலந்து பட்டறை முழுக்க நின்றது.

நடுவில் ஒரு பழைய சின்ன கார், பானட் திறந்தபடி. அதன் எதிரில் தேவகி டீச்சர். ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். கையில் ஒரு முழம் சாமந்திச் சரம், கடையில் வாங்கியது, நடுநடுவே பளபளவென்று ஜிகினா கம்பி சுற்றியது. கொஞ்சம் தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் வீட்டுக்காரர் ராமலிங்கம் சார்.

"இஞ்சினுக்கு எங்க போடறது பூவை?" என்று டீச்சர் என்னைக் கேட்டார்.

நான் யோசிப்பதற்குள் அவரே இடம் கண்டுபிடித்துவிட்டார். இஞ்சினுக்கு முன்பக்கம் ஒரு அலுமினியக் குழாயின் வாய் மேல்நோக்கித் திறந்திருந்தது. அதை நான் இரண்டு நாள் தேய்த்து வெள்ளிச் சொம்பு மாதிரி ஆக்கி வைத்திருந்தேன். கலசத்துக்குச் சுற்றுவது போல அந்த வாயைச் சுற்றி டீச்சர் சரத்தை வைத்தார். ஒரு நுனி உள்பக்கம் தொங்கியது.

அங்கே வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை.

இருபதில் ஓடிய கார்

அந்தக் காரைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும்.

ராமலிங்கம் சார் முப்பது வருசம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். எங்கள் ஊரில் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அந்தச் சின்ன காரில்தான் கற்றுக்கொண்டார்கள். இடது சீட்டில் அவர் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் இன்னொரு பிரேக் மிதி இருக்கும். வண்டி இருபதைத் தாண்டினால் அவர் கால் தானாக அமுக்கிவிடும். செங்கம் சாலையில் அவர் கார் முன்னால் போனால் பின்னால் பஸ் டிரைவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்து டீ குடிக்க இறங்கிவிடுவார்கள் என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை.

இரண்டு வருசம் முன்பு அவருக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் தப்பியது. ஸ்கூலை மூடினார்கள். மற்ற கார்களை விற்றார்கள். இதை மட்டும் அவர் விடவில்லை. "அதை வித்தா என்னையும் சேர்த்து எடைக்குப் போட்டுடுங்க" என்றாராம்.

அடுத்த வருசமே டீச்சருக்கு மலைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தது. பஸ்ஸில் போய் வந்தால் வீடு திரும்ப ஏழரை ஆகும். சாரைப் பார்த்துக்கொள்ள வரும் வேலைக்கார அம்மா ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார். அதனால் டீச்சர் காரை எடுத்தார். போளூர் வரை அது ஓடும். மலை ஏறும்போது மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்கி, ரேடியேட்டர் கொதித்து நின்றுவிடும். எண்ணூறு சிசி, மூன்று சிலிண்டர், முப்பது வருசம் கற்றுக்குட்டிகளிடம் கிளட்ச் மிதிபட்ட இஞ்சின். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

பலமுறை தாமதமாகப் போனதில் தலைமை ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலாண்டு விடுமுறை முடிந்து திறக்கிற நாளிலிருந்து மணி அடிக்கும்போது வகுப்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மலை மேலேயே குவார்ட்டர்ஸில் தங்கிவிட வேண்டும்.

"நான் மேல தங்கிட்டா இவரை யாரு புரட்டிப் படுக்க வெப்பாங்க?" என்று டீச்சர் பட்டறையில் நின்றபடி கேட்டார். அழவில்லை. ஒரு கணக்கைப் பலகையில் எழுதுவது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். "அதே கார், வேற இஞ்சின். லீவுக்குள்ள முடியுமா?"

நான் தலையாட்டினேன். நான் கொடுக்கும் வாக்கெல்லாம் தலையாட்டல்தான்.

வீடு சின்னது, பீரோ பெரிசு

அதே கம்பெனியின் பெரிய காரிலிருந்து ஒரு இஞ்சின் எடுத்தோம். ஆயிரத்து முந்நூறு சிசி, நாலு சிலிண்டர். சென்னையில் பழைய வண்டி பிரிக்கும் இடத்தில் கிடைத்தது. இஞ்சின் மாற்ற அனுமதி கேட்டு டீச்சர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எத்தனையோ முறை நடந்து தாள் வாங்கிவந்தார். "கணக்கு டீச்சர் தப்புக் கணக்கு போடக் கூடாது பாருங்க" என்றார்.

பழைய இஞ்சினைச் செயின் பிளாக்கில் தூக்கி இறக்கிய பிறகு, அந்தப் பள்ளத்தில் புதியதை இறக்கிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் சேரவில்லை. பக்கத்து வெல்டிங் கடை கரீம் பாய் வந்து எட்டிப் பார்த்தார்.

"வீட்டைக் கட்டாம பீரோ வாங்கிட்டியேப்பா" என்றார்.

பிறகு அவரே தாங்கு இரும்பை அறுத்து, தள்ளி வைத்து, பற்றவைத்துக் கொடுத்தார். ரேடியேட்டர் முன்னால் நகர்ந்தது. பேட்டரி பின்பக்கம் டிக்கிக்குப் போனது. பெரிய இஞ்சினுக்குப் பெரிய பிரேக் வேண்டும், அதையும் மாற்றினேன். அப்போது இடது சீட்டின் பிரேக் மிதிக்குப் போகும் குறுக்குக் கம்பி பொருந்தாமல் போனது. கழற்றி மூலையில் வைத்தேன்.

எனக்கு அந்த நாட்களில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போது இலைக்கு முன்னால் குந்தியபடியே எழுந்துவிடுவேன். ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டு, வீட்டுக்குப் போய், திரும்பி வந்து அதே போல்ட்டை முறுக்கிப் பார்ப்பேன். கஸ்தூரி என் சட்டையைப் பிடித்து உட்காரவைப்பாள். அப்போதும் விரல்கள் தொடையில் எதையோ திருகிக்கொண்டிருக்கும்.

பிரேக்குக்குப் பதிலாக

விடுமுறை என்பதால் டீச்சர் சாரை தினமும் காலையில் ஆட்டோவில் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, சாயங்காலம் வந்து அழைத்துப்போவார். வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு கிடப்பதற்கு இது தேவலாம் என்று சாருக்கு. எனக்கோ ஒரு ஆள் பார்த்துக்கொண்டே இருந்தால் கை ஓடாது. இரண்டு நாளில் பழகிவிட்டது.

மூலையில் கிடந்த மிதியைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்.

"என் பிரேக் எங்கய்யா?"

"பொருந்தலைங்க சார்."

"முப்பது வருசம் உசுரோட இருந்தது அதாலதான். கழட்டிட்டேன்ற."

நான் காதைச் சொறிந்தேன்.

"சரி. ஒண்ணு எடுத்துக்கின. பதிலுக்கு ஒண்ணு குடு."

"இன்னாங்க சார் வேணும்?"

"எனக்கு இன்னா தெரியும்? நீயே சொல்லு. மனசுல ஏதோ வெச்சிக்கினு இருக்க. ரெண்டு நாளா அந்த பெஞ்சு அடியிலயே பார்த்துக்கினு இருக்கியே."

பெஞ்சு அடியில் சாக்கில் சுற்றி ஒரு டர்போ இருந்தது. ஒரு சின்ன டீசல் காரிலிருந்து கழற்றியது. மூன்று வருசமாக அங்கேதான் கிடந்தது. அடிக்கடி எடுத்து, துடைத்து, விரலால் சுற்றிவிட்டு, மறுபடி சாக்கில் சுற்றி வைப்பேன்.

டர்போ என்பது இரண்டு விசிறி, ஒரே தண்டு. இஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு விசிறியைச் சுற்றும். அது சுற்றுவதால் மறு முனையில் இருக்கும் விசிறி வெளிக்காற்றை இழுத்து இஞ்சினுக்குள் அமுக்கித் தள்ளும். காற்று ஜாஸ்தியானால் பெட்ரோலும் ஜாஸ்தி எரியும், பலம் கூடும். வீணாகப் போகிற புகையை வேலை வாங்குவது. அதை யோசித்தவன் யாரோ, அவனும் என்னைப் போல உட்கார முடியாதவனாக இருந்திருப்பான்.

வாழ்நாளெல்லாம் ஆயில் மாற்றி, பிரேக் ஷூ மாற்றி, கிளட்ச் கேபிள் மாற்றிய எனக்கு, ஒரே ஒரு வண்டிக்காவது டர்போ வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாரிடம் சொன்னேன்.

"அது போட்டா இன்னா ஆவும்?"

"கால் வெச்சதும் முதுகுல தள்ளுங்க சார்."

அவர் பெஞ்சு அடியைப் பார்த்தார். "போடு" என்றார்.

"டீச்சர்கிட்ட..."

"அவகிட்ட கேட்டா வேணாம்பா. ஓட்டிக் காட்டிட்டு அப்புறம் சொல்லிக்கலாம்."

ஒன்றை இங்கே தெளிவாக எழுதிவிட வேண்டும். மலை ஏற அந்த டர்போ தேவையே இல்லை. நாலு சிலிண்டர் இஞ்சினே அந்தச் சின்ன உடம்புக்குத் தாராளம். ஆர்.டி.ஓ. கொடுத்த தாளிலும் டர்போ இல்லை. எல்லாம் தெரிந்துதான் வைத்தேன். காற்றை அமுக்கும்போது இஞ்சின் தலைக்குள் அழுத்தம் மீறாமல் இருக்க, தலைக்கும் உடம்புக்கும் நடுவில் வரும் ஹெட் கேஸ்கட் தகட்டைத் தடித்ததாகப் போட்டேன். ஆயில் திரும்பி வர அடித்தொட்டியில் ஒரு ஓட்டை போட்டேன். சூடான காற்று ஆற, முன்னால் ஒரு வலைப்பெட்டி மாட்டினேன்.

டீச்சர் ஒருமுறை குனிந்து பார்த்து, "இது இன்னாங்க, புதுசா?" என்று கேட்டார்.

"காத்து போறதுங்க" என்றேன். பொய் இல்லை.

காற்று வடிகட்டியை டர்போவின் குழாய் வாயில் இணைக்கும் ரப்பர் மட்டும் பூசை அன்றுவரை வந்து சேரவில்லை. அதனால் அந்த வாய் திறந்தே இருந்தது.

ஆறாம் வகுப்பு, ஏ பிரிவு

பேச வராத ஆளா நீ என்று கேட்பீர்கள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஆறாம் வகுப்பில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாள், தவறுதலாக ஏ பிரிவில் போய் உட்கார்ந்துவிட்டேன். என் பெயர் பி பிரிவில். வாத்தியார் வருகை எடுத்தார். என் பெயர் வரவில்லை. எழுந்து கேட்க வேண்டும். நாற்பது தலைகள் திரும்பிப் பார்க்குமே என்று உட்கார்ந்தே இருந்தேன். மறுநாளும் அங்கேயே போனேன். அந்த வாரம் முழுக்க ஏ பிரிவில் படித்தேன். வீட்டுக்கு நான் பள்ளிக்கூடமே வரவில்லை என்று சீட்டுப் போனது. அப்பா அடித்தபோதும் சொல்லவில்லை. கடைசியில் ஏ பிரிவு பையன் ஒருவன்தான் என் நோட்டில் பெயரைப் பார்த்து, கையைப் பிடித்து பி பிரிவில் கொண்டுபோய் விட்டான்.

இப்போதும் யாராவது ஒரு தப்பைச் செய்யப் போகும்போது, தொண்டை வரை வார்த்தை வரும். அதற்குள் அவர்கள் செய்து முடித்துவிடுவார்கள்.

சத்தம்

பூசைக்கு வருகிறேன். கஸ்தூரி கற்பூரம் காட்டினாள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். கரீம் பாயும் வந்து நின்று பொரி வாங்கிக்கொண்டார்.

"ராகு காலம் வர்றதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணிடுங்க" என்றாள் கஸ்தூரி.

உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. நல்ல சத்தம். நாலு சிலிண்டரும் ஒரே அளவாக. டீச்சர் கைகூப்பினார்.

அந்த நேரத்திலாவது இறங்கிப் போய், பூவை எடுத்து வேறு இடத்தில் வைத்திருக்கலாம். ஏன் எடுக்கிறீர்கள் என்று டீச்சர் கேட்பார். டர்போ என்று சொல்ல வேண்டிவரும்.

"ஒரு முறுக்கு முறுக்குய்யா" என்றார் சார்.

மிதித்தேன்.

ஒரு விசில் எழுந்தது. நான் மூன்று வருசம் மனதுக்குள் கேட்ட விசில். ஒரு நொடிதான் இருக்கும். சரம் ஒரு நுனியிலிருந்து பாம்பு வளைக்குள் போவது போல உள்ளே போனது. கரகரவென்று ஒரு சத்தம், பிறகு டிக் என்று ஒன்று. சாவியைத் திருப்பி அணைத்தேன். பட்டறையில் மஞ்சள் இதழ்கள் இரண்டு பறந்து இறங்கின.

குழாய்க்குள் விரலை விட்டேன். கசங்கிய பூ, நார், அதோடு சுருண்ட ஜிகினா கம்பி. டார்ச் அடித்துப் பார்த்தேன். விசிறியின் மூன்று இதழ் மடங்கியிருந்தது. ஒன்றின் நுனியே இல்லை. அந்தத் துண்டு உள்ளே எங்கேயோ போயிருக்கிறது. அது கிடைக்கும்வரை இஞ்சினை ஓட்டக் கூடாது. சிலிண்டருக்குள் போயிருந்தால் எல்லாம் முடிந்தது.

"இன்னா ஆச்சு?" என்றார் டீச்சர்.

"பூ உள்ள போயிடுச்சுங்க."

"காத்து போறதுன்னு சொன்னீங்க."

"ஆமாங்க."

"அதுல பூ வெச்சா உள்ள போவும்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியுங்க."

"அப்ப ஏன் சொல்லல?"

தரையில் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவனைக் கேக்காத" என்றார் சார் நாற்காலியிலிருந்து. "அது டர்போ. நான்தான் போடச் சொன்னேன். இந்தப் பக்கம் கிள்ளினாலும் எனக்குத் தெரியல. முதுகு மட்டும் முழுசா இருக்குது. அதுல ஒரு தடவை வண்டி தள்ளினா எப்படி இருக்கும்னு பார்க்கணும்னு கேட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

டீச்சர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். டர்போ என்ற பேச்சை எடுத்தது நான்தான் என்று சொல்வதற்கு அப்போது சரியான நேரம். நான் சொல்லவில்லை. ஒரு வாதக்காரர் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"இதை எடுத்துட்டா மலை ஏறுமா?"

"ஏறுங்க."

"நாளான்னிக்குக் காலையில?"

டர்போவைக் கழற்ற வேண்டும். துண்டைத் தேட வேண்டும். தடித்த கேஸ்கட்டை மாற்றி மெல்லியது போட வேண்டும், இல்லையென்றால் டர்போ இல்லாத இஞ்சின் சோர்ந்துவிடும். பழைய புகைக் குழாயைத் திரும்ப மாட்டி, அடித்தொட்டி ஓட்டையை அடைக்க வேண்டும்.

"ரெண்டு நாள் வேலைங்க."

"ரெண்டு நாள் இருக்குதே. ஆரம்பிங்க."

நான் மேடையைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். ஸ்பேனர்கள் சந்தனப் பொட்டோடு வரிசையாக இலையில் படுத்திருந்தன.

ஊரில் ஸ்பேனர் இல்லாத நாள்

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. ஆயுத பூசைக்கு வைத்த சாமானை அன்று தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமியன்று இன்னொரு முறை கற்பூரம் காட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். என் பட்டறையில் ஒரு வருசம்கூட இது மாறியதில்லை.

"பாய், உங்க ஸ்பேனர் செட்டு..." என்றாள் கஸ்தூரி.

கரீம் பாய் இல்லை என்று தலையை ஆட்டினார். "நம்ம கடையிலயும் படைச்சாச்சும்மா. வர்ற கஸ்டமருங்க எல்லாம் எங்க பொரி, எங்க பொரின்னு கேக்கறாங்க. பத்து வருசமா நானும் படைக்கறேன்."

ஹார்டுவேர் கடைகள் காலையிலேயே பூசை முடித்து மூடிவிட்டன. ஆசிரமம் பக்கம் வாடகைக்கு இருக்கும் ஒரு வெள்ளைக்காரர் எனக்கு நினைவு வந்தார். பழைய மோட்டார் சைக்கிளைத் தானே பிரித்து மாட்டுகிறவர், நல்ல செட்டு வைத்திருப்பவர். என் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு கதவைத் திறந்தார். அவர் பின்னால் தரையில் வாழை இலை. அதில் அவருடைய ஸ்பேனர்கள். எங்களுடையதைவிடப் பெரிய பொட்டு. நான் கேட்டதும் இரண்டு காதையும் தொட்டுக்கொண்டு, "நாளைக்கு" என்று தமிழிலேயே சொன்னார். கையில் ஒரு பிடி பொரி கொடுத்து அனுப்பினார்.

திரும்பி வந்தபோது யாரும் நகரவில்லை. டீச்சர் காரின் மேல் கையை வைத்து நின்றிருந்தார். நாள் ஓடிக்கொண்டிருந்தது. நான் மேடைக்கும் காருக்கும் நடந்தேன். திரும்ப நடந்தேன்.

"கொஞ்சம் நில்லுங்க, எனக்குத் தல சுத்துது" என்று சொல்லிவிட்டு, கஸ்தூரி சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் போனாள். தினசரித் தாளில் பொடி எழுத்தில் இருப்பதை விரல் வைத்துப் படித்தாள்.

"நவமி ரெண்டு மணி சொச்சம் வரைக்கும்தான் போட்டிருக்குது. அப்புறம் தசமி."

"அதுக்கு?" என்றேன்.

"தசமி வந்தா விஜயதசமிதானே. நாளைக்குப் பண்ற பூசையை ரெண்டரைக்குப் பண்ணிடறேன். அப்புறம் எடுங்க."

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்மா" என்றார் சார்.

"இவரைக் கட்டிக்கினவ வேற இன்னா பண்றது சார். ஒருத்தராச்சும் பேசணுமே."

இரண்டரை வரை சும்மா இருந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் சும்மா இருந்ததில்லை. பிறகு அவள் விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு-பதிமூன்று நம்பர் ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தாள். கைப்பிடியிலிருந்த குங்குமம் விரலில் ஒட்டியது.

விசிறியின் நுனி சிலிண்டர் வரை போகாமல் வலைப்பெட்டிக்குள்ளேயே கிடைத்தது. பெட்டியைக் கழற்றி, கவிழ்த்துத் தட்டினேன். முதலில் இரண்டு சாமந்தி இதழ், பிறகு அந்த அலுமினியத் துண்டு, அரிசி அளவு. உள்ளங்கையில் வைத்து டீச்சரிடம் காட்டினேன்.

"இவ்ளோதானா?" என்றார்.

மூன்றாவது வளைவு

மறுநாள் விஜயதசமி. காலையில் கரீம் பாய் அடித்தொட்டி ஓட்டையை அடைத்துக் கொடுத்தார். மூன்று மணிக்கு இஞ்சின் ஓடியது. விசில் இல்லை. நாலு சிலிண்டரின் சத்தம் மட்டும்.

மலையில் ஏற்றிப் பார்க்காமல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. டீச்சர் ஓட்டினார். சார் இடது சீட்டில், பெல்ட்டோடு ஒரு துண்டையும் சேர்த்துக் கட்டி. நான் பின்னால், மடியில் சாமான் பெட்டியோடு. போளூர் தாண்டியது. நான் சூடு காட்டும் முள்ளை எட்டி எட்டிப் பார்த்தேன்.

"பின்னாடி உக்காருங்க. எனக்கு மறைக்குது" என்றார் டீச்சர்.

மூன்றாவது வளைவு வந்தது. வழக்கமாக நிறுத்தித் தண்ணீர் ஊற்றும் இடத்தில் சாலையோரம் கல் ஒன்று கறுத்திருந்தது. கார் இரண்டாவது கியரில் வளைந்து, அதைத் தாண்டி ஏறியது. முள் அசையவில்லை. டீச்சர் ஒரு பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான்.

அடுத்த வளைவுக்கு முன் கொஞ்ச தூரம் நேர் சாலை. எதிரே வண்டி இல்லை. டீச்சர் கியரைக் குறைத்து, ஆக்சிலரேட்டர் மிதியை அடிவரை அமுக்கினார். கார் எகிறியது. என் மடியிலிருந்த பெட்டி வயிற்றில் இடித்தது. சாரின் தலை பின்னால் போய் சீட்டில் சாய்ந்தது.

"தெரிஞ்சுதா?" என்றார் டீச்சர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சார், "ம்" என்றார். அவர் முகத்தில் ஒரு பக்கம்தான் சிரிக்கும். பின்னாலிருந்து எனக்கு அது தெரியவில்லை.

மேலே ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினோம். பானட்டைத் திறந்து குழாய்களைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. டீச்சர் பாட்டிலிலிருந்து சாருக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். போய்விடலாம் என்று இருந்தது. திரும்பி இரண்டு அடி வைத்தேன். மறுபடி வந்தேன்.

"டீச்சர், டர்போன்னு சொன்னது நானுங்க. சார் இல்ல. எனக்குத்தான் ஆசை."

துண்டால் சாரின் வாயைத் துடைத்தார். "தெரியும்" என்றார்.

நான் நின்றேன்.

"இவருக்கு பானட்டத் திறக்கவே தெரியாது. ஊருக்கெல்லாம் ஓட்டக் கத்துக் குடுத்தாரு, பஞ்சர் ஆனா உங்களைத்தான் கூப்பிடுவாரு. இவர் வாயில டர்போன்னு வந்தப்பவே தெரிஞ்சுது."

"இப்ப தெரியும்" என்றார் சார். "ரெண்டு விசிறி இருக்கும்."

"நீங்க சும்மா இருங்க." பிறகு என்னைப் பார்த்தார். "அங்க வெக்காதீங்க டீச்சர்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, பூவை ஸ்டீரிங்ல சுத்தியிருப்பேன். அவ்ளோதானுங்க."

நான் பானட்டை மூடினேன். இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் திறந்தது. மணி அடிக்கக் கால் மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்ததாக டீச்சர் கஸ்தூரிக்குப் போன் செய்தார். நான் ஒரு ஷேர் ஆட்டோவுக்குக் கிளட்ச் கேபிள் மாற்றினேன். மதியம் மழை பெய்தது.